பின்கண்ணாடி டிஃபாகர்: சுவிட்சில் விளக்கு எரிகிறது, கண்ணாடி மட்டும் தெளியவில்லை

#1 பின்வரிசைப் பயணி

வணக்கம். என்னுடையது ஒன்பது வருடம் ஓடிய ஹேட்ச்பேக். பின்கண்ணாடி டிஃபாகர் (கண்ணாடியைச் சூடாக்கி அதில் படியும் ஈரமூட்டத்தை நீக்குவது) வேலை செய்யவில்லை. சுவிட்சை அழுத்தினால் அதிலிருக்கும் சின்ன ஆரஞ்சு விளக்கு எரிகிறது, பன்னிரண்டு நிமிடம் போல ஆனதும் தானாக அணைகிறது. கண்ணாடி மட்டும் பால் பூசியது மாதிரி அப்படியே இருக்கிறது. ஒரு கோடு கூடத் தெளியவில்லை.

பியூஸைக் கழற்றிப் பார்த்தேன். 25 ஆம்ப், கம்பி அறுந்திருக்கவில்லை. சந்தேகத்துக்குப் புதிதாக ஒன்றும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். மீட்டர் கூட வைக்காமல், “கோடெல்லாம் போய்விட்டது, கண்ணாடியையே மாற்ற வேண்டும்” என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. நேற்று மழையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சைக்கிளோடு ஒரு பையன் நின்றது எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் நின்றவர் கத்தியதால்தான் பிரேக்கை மிதித்தேன். அதிலிருந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. என்னிடம் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது, வயர் வேலையும் ஓரளவு தெரியும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

#2 நீலப்பொறி

ரிலேயாக இருக்கும், அதாவது சுவிட்சின் கட்டளைப்படி பெரிய கரண்டை இணைத்துவிடும் சின்னப் பெட்டி. என் வண்டியிலும் இதே கதைதான். ரிலேயை மாற்றியதும் சரியாகிவிட்டது. கழற்றி மாட்டுவது ஐந்து நிமிட வேலை, முதலில் அதைச் செய்துவிடுங்கள்.

#3 கம்பிச்சுருள்

தம்பி, பையனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே பெரிய நிம்மதி. சரி, வேலைக்கு வருவோம். நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்தவன். எதையும் மாற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

அந்தக் கண்ணாடியில் என்ன இருக்கிறது என்று முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் ஒரு பட்டை, வலது ஓரத்தில் ஒரு பட்டை. நடுவில் ஏணிப்படி மாதிரி மெல்லிய கோடுகள். அவை வெள்ளி கலந்த பசையை அச்சிட்டுச் சூளையில் சுட்டு எடுத்தவை. கண்ணாடியின் உள்பக்க முகத்தில்தான் இருக்கின்றன. ஒரு பட்டைக்கு பாசிட்டிவ் வருகிறது, இன்னொரு பட்டை எர்த்துக்கு, அதாவது வண்டியின் பாடிக்குப் போகிறது. ஒவ்வொரு கோடும் தனித்தனிப் பாதை. ஒரு கோடு அறுந்தால் அந்த ஒரு கோடுதான் தெளியாது, மற்றவை வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் எல்லாக் கோடும் ஒரே நாளில் படுத்துவிட்டது என்றால் கோடுகளைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. எல்லாக் கோட்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று போயிருக்கிறது. பொதுவானவை என்றால் பியூஸ், ரிலே, பாசிட்டிவ் வயர், எர்த் வயர், பட்டையில் வயர் மாட்டும் அந்த இரண்டு தகட்டு முனைகள். அவ்வளவுதான். கண்ணாடியை மாற்றச் சொன்னவர்கள் இந்த ஒரு விஷயத்தை யோசித்திருந்தாலே அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது.

சுவிட்சில் எரிகிற விளக்கை நம்பாதீர்கள். உங்கள் கட்டளை போய்விட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. கண்ணாடியில் கரண்ட் ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியாது.

இப்போது செய்ய வேண்டியது: எஞ்சினை ஓடவிடுங்கள். பல வண்டிகளில் எஞ்சின் ஓடாவிட்டால் டிஃபாகருக்குக் கரண்டே கொடுக்காது. டிஃபாகரைப் போடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை வண்டியின் பாடியில் பெயிண்ட் இல்லாத நல்ல போல்ட்டில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் கண்ணாடியின் இரண்டு பக்கத்துத் தகட்டையும் தொட்டுப் பாருங்கள். வயர்களைக் கழற்றாதீர்கள், மாட்டியபடியே இருக்கட்டும். இரண்டு எண்களையும் பேட்டரியின் எண்ணையும் இங்கே எழுதுங்கள். எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதனால் இரண்டையும் எழுதுங்கள்.

#4 நீலப்பொறி

ஐயா சொல்வது சரிதான், ஆனால் ரிலே “டிக்” என்று சத்தம் போடுகிறதா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடுமே?

#5 கம்பிச்சுருள்

சத்தம் வந்தால் உள்ளே சுருள் இழுக்கிறது என்று தெரியும். அது ரிலேயில் 85, 86 என்று எண் போட்ட முனைகளின் வேலை. பெரிய கரண்ட் போவது 30, 87 முனைகள் வழியாக. அந்தத் தொடர்பு கருகியிருந்தாலும் சத்தம் அழகாகத்தான் வரும். சத்தம் கேட்டதால் ரிலே நல்லது என்று முடிவு கட்டி, அரை நாள் வீணாக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் வோல்ட் பார்த்துவிட்டால் ரிலே நல்லதா கெட்டதா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

#6 பின்வரிசைப் பயணி

பார்த்துவிட்டேன் ஐயா. எஞ்சின் ஓட, டிஃபாகர் போட்டு:

பேட்டரியில் 13.9
இடது தகடு 13.9
வலது தகடு 13.9

இரண்டு பக்கமும் ஒரே எண். மீட்டர் தப்பாகக் காட்டுகிறதோ என்று டிஃபாகரை அணைத்துப் பார்த்தேன், இரண்டும் பூஜ்யம். மறுபடி போட்டேன், மறுபடி 13.9. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

#7 கம்பிச்சுருள்

பாதி வேலை முடிந்தது தம்பி. நீங்கள் கொடுத்த எண்களிலேயே பதில் இருக்கிறது.

டிஃபாகர் ஒழுங்காக ஓடினால் ஒரு தகட்டில் 13 வோல்ட்டை ஒட்டி இருக்கும், எதிர்த் தகட்டில் கிட்டத்தட்ட பூஜ்யம். கோடுகளில் போகப் போக வோல்ட் கரைந்துகொண்டே வரும். நடுவில் ஆறரை போல. உங்களுக்கு எங்கேயும் ஒரு சொட்டுக் கூடக் குறையவில்லை. குறையவில்லை என்றால் கரண்ட் ஓடவில்லை. முனை அடைத்த குழாயில் தண்ணீர் நிற்பது மாதிரி, 13.9 கண்ணாடி முழுக்க நிரம்பி நிற்கிறது, வெளியே போக வழி இல்லை. எர்த் அறுந்திருக்கிறது.

இதிலிருந்து பியூஸ் நல்லது, ரிலே நல்லது, பாசிட்டிவ் வயர் கண்ணாடி வரை முழுசாக வந்திருக்கிறது என்பதும் தெரிகிறது. கண்ணாடியும் தப்பித்தது. இரண்டு தகட்டிலும் பூஜ்யம் வந்திருந்தால் நீலப்பொறி சொன்ன ரிலே பக்கம் போயிருப்போம்.

உறுதி செய்ய ஒரு சோதனை. தடித்த வயர் ஒன்றை எடுத்து ஒரு முனையைப் பாடியில் நல்ல இடத்தில் பிடித்து, மறு முனையை எர்த் பக்கத் தகட்டில் அழுத்துங்கள். எந்தப் பக்கம் எர்த் என்று தெரியாமல் தொடக்கூடாது. பாசிட்டிவ் பக்கம் பட்டால் பியூஸ் போய்விடும். முதலில் டிஃபாகரை அணைத்து, எஞ்சினையும் நிறுத்தி, இரண்டு வயரையும் தகட்டிலிருந்து கழற்றுங்கள். பிறகு எஞ்சினை மறுபடி ஓடவிட்டு, டிஃபாகரைப் போட்டு வயர் முனைகளில் வோல்ட் பாருங்கள். 13.9 வருவது பாசிட்டிவ் வயர். வராதது எர்த்.

அறுந்த இடமும் எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஹேட்ச்பேக் என்றால் டிக்கி கதவு மேலே திறக்கும். கூரைக்கும் கதவுக்கும் நடுவே சுருக்கம் சுருக்கமாக ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கிறதே, ஒன்பது வருடமாகத் திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே இருக்கும் வயர்கள் அங்கேதான் மடங்கி மடங்கி நிமிர்கின்றன. முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

#8 சாரல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் வேறு மாதிரி. டிஃபாகர் போட்டால் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் டிக்கியை இரண்டு மூன்று முறை திறந்து மூடினால் பியூஸ் போய்விடுகிறது. ஒருவர் 25 ஆம்புக்குப் பதில் 40 போடச் சொன்னார். போடலாமா?

#9 கம்பிச்சுருள்

போடவே போடாதீர்கள் அம்மா. பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. 25 ஆம்புக்கு அளந்து போட்ட வயரில் 40 ஆம்ப் பியூஸ் வைத்தால், கோளாறு வரும்போது பியூஸுக்கு முன்னால் வயர் எரியும். அந்த வயர் போவது கூரைத் துணிக்கு மேலே. யோசித்துப் பாருங்கள்.

உங்களுக்கும் அதே ரப்பர் குழாய்தான் என்று தோன்றுகிறது. அவருக்கு எர்த் வயர் அறுந்தது, உங்களுக்கு பாசிட்டிவ் வயரின் மேல்தோல் தேய்ந்து பாடித் தகட்டில் உரசுகிறது.

பியூஸ்களை வீணாக்காமல் தேட ஒரு வழி: கண்ணாடியில் பாசிட்டிவ் வயரைக் கழற்றி, அதன் முனையை டேப் சுற்றித் தொங்கவிடுங்கள். பியூஸைக் கழற்றிவிட்டு, அது இருந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பை இரண்டு வயரில் மாட்டுங்கள். டிஃபாகரைப் போடுங்கள். ஷார்ட் இல்லாதபோது பல்ப் எரியாது, ஏனென்றால் கரண்ட் போக இடமே இல்லை. இப்போது டிக்கியை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ரப்பர் குழாயை அங்கங்கே அழுத்துங்கள். பல்ப் எந்த அசைவில் பிரகாசமாக எரிகிறதோ அங்கே வயர் உரசுகிறது. பல்ப் வழியாக இரண்டு ஆம்ப் கூடப் போகாது, எனவே நிதானமாகத் தேடலாம். சில வண்டிகளில் அதே பியூஸில் பக்கக் கண்ணாடி சூடேற்றியும் இருக்கும், அப்போது பல்ப் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். திடீரென்று பிரகாசமாகிற இடம்தான் உங்களுக்கு வேண்டியது.

#10 பின்வரிசைப் பயணி

ஐயா, நீங்கள் சொன்ன இடமேதான்!

ரப்பர் குழாயின் இரண்டு முனையையும் நெம்பி எடுத்துக் கீழே தள்ளினேன். உள்ளே ஒன்பது வயர். பார்வைக்கு எல்லாம் முழுசாக இருந்தன. ஒவ்வொன்றாக விரலால் பிடித்து லேசாக இழுத்தேன். கறுப்பு வயர் ஒன்று ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. தோல் மட்டும் இழுபடுகிறது, உள்ளே கம்பி இல்லை. அந்த இடத்தில் பிளேடால் கீறினேன். செம்பு இழைகள் பொடிப் பொடியாக உடைந்து, முனையெல்லாம் பச்சைப் பூத்திருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு வயரில் தோல் வெடித்துச் செம்பு தெரிகிறது. அது நம்பர் பிளேட் விளக்குக்குப் போவது.

இப்போதைக்கு அறுந்த இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றினேன். டிஃபாகரைப் போட்டேன். மூன்று நிமிடத்தில் கண்ணாடியில் கோடு கோடாகத் தெளிய ஆரம்பித்தது. டிக்கிக்குப் பின்னால் நின்றிருந்த என் மகள் முகம் கண்ணாடி வழியாகத் துண்டு துண்டாகத் தெரிந்தது. சொல்லத் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் மேலிருந்து நாலாவது கோடும் ஏழாவது கோடும் தெளியவில்லை. மொத்தம் 12 கோடு.

#11 கம்பிச்சுருள்

ரொம்ப மகிழ்ச்சி தம்பி. இழுத்துப் பார்த்தீர்களே, அதுதான் சரியான முறை. கண்ணால் பார்த்து ‘வயர் நல்லாத்தான் இருக்கிறது’ என்று மூடிவிடுபவர்கள்தான் அதிகம்.

முறுக்கி டேப் சுற்றியதை அப்படியே விடாதீர்கள். அந்த வயரில் பத்து ஆம்புக்கு மேல் ஓடுகிறது. முறுக்கிய இணைப்பு சீக்கிரம் சூடாகும். அறுந்த இடத்திலேயே சால்டர் வைப்பதும் சரியில்லை. ஈயம் ஏறிய வயர் விறைத்துப்போகும், மடங்குகிற இடத்தில் அந்த விறைப்பின் ஓரத்தில் மறுபடி முறியும். குழாயின் இரண்டு பக்கமும் தாண்டி, மடங்காத இடம் வரை பழைய வயரை வெட்டி எடுத்துவிடுங்கள். நடுவில் மெல்லிய இழைகள் நிறைந்த, வளைந்து கொடுக்கும் புது வயரைக் கொடுங்கள். பழையதைவிடத் தடிமன் குறையக்கூடாது. இணைப்புகள் கூரைக்குள்ளும் கதவுக்குள்ளும் இருக்கட்டும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். டிக்கியை முழுதாகத் திறந்து வைத்து நீளம் பாருங்கள், கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். தோல் வெடித்த வயரையும் இப்போதே மாற்றிவிடுங்கள். இன்னும் ஆறு மாதத்தில் அதற்காக இதே குழாயைக் கழற்றப் போகிறீர்கள், இல்லையென்றால்.

இதெல்லாம் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சில பழைய ஹேட்ச்பேக்குகளில் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் தண்டுகள் வழியாகவே டிஃபாகருக்குக் கரண்ட் போகும். அங்கே தண்டின் முனையில் இருக்கும் குமிழ் இணைப்புதான் துருப்பிடிக்கும்.

#12 மேகமூட்டம்

எனக்கும் ஒரு சந்தேகம். என் செடானில் எல்லாக் கோடும் தெளிகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. டைமர் அணைந்துவிடுகிறது, மறுபடி போட வேண்டியிருக்கிறது. வயதாகிவிட்டதால் கோடுகள் பலமிழந்துவிட்டனவா? வலது தகட்டில் 9.2 வோல்ட், இடதில் 0.1. பேட்டரியில் 13.8.

#13 நீலப்பொறி

கோடுகள் அப்படிப் பலமிழக்காது. பாசிட்டிவ் பாதையில் 4.6 வோல்ட் எங்கோ தொலைகிறது. கண்ணாடிக்கு மூன்றில் இரண்டு பங்கு வோல்ட்தான் கிடைக்கிறது. சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பாதிக்கும் குறைவான சூடுதான் வரும். 9.2-ஐ 13.8-ஆல் வகுத்து அதையே அதனால் பெருக்குங்கள், 0.44.

மீதிச் சூடு எங்கே போகிறது என்பதுதான் கவலை. பத்து ஆம்ப் ஓடினாலும் 46 வாட். அது ஏதோ ஒரு கனெக்டரில் சூடாக இறங்குகிறது. டிஃபாகரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, பியூஸ் பெட்டியிலும் ரிலே அடியிலும் வழியில் உள்ள கனெக்டர்களிலும் கை வைத்துப் பாருங்கள். கவனமாகத் தொடுங்கள், கொதிக்கும்.

#14 கம்பிச்சுருள்

நீலப்பொறி, அருமை. அப்படியே செய்யுங்கள் மேகமூட்டம். கை வைக்க முடியாத இடமென்றால் மீட்டரால் தேடலாம். டிஃபாகர் ஓடும்போது சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வைத்துவிட்டு, கறுப்பு முனையைப் பாதை நெடுக நகர்த்துங்கள். பியூஸுக்கு முன், பியூஸுக்குப் பின், ரிலே 30, ரிலே 87, அப்புறம் தகடு. எண் எங்கே திடீரென்று தாவுகிறதோ அங்கே குற்றம். பாதை முழுக்கவும் சேர்த்து அரை வோல்ட்டை ஒட்டி இருந்தால் சந்தோஷப்படலாம். எர்த் பக்கம் உங்களுக்கு 0.1, அது நன்றாகவே இருக்கிறது.

ஓம் மீட்டரை எடுக்காதீர்கள். மொத்தக் கண்ணாடியின் தடையே ஒரு ஓம் போலத்தான். சாதாரண மீட்டரின் வயர்களே அதில் கால் பங்கைக் காட்டும். இன்னொன்று, பாதி அறுந்த வயர் ஓம் மீட்டரில் நல்ல வயர் மாதிரியே தெரியும். இருபது இழையில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டருக்குப் போதும். கரண்ட் ஓடும்போது பார்த்தால்தான் அது பொய் சொல்லாது.

#15 மேகமூட்டம்

கிடைத்துவிட்டது! ரிலே 87-க்கும் அடுத்த கனெக்டருக்கும் நடுவில் எண் தாவியது. பின் சீட்டுக்குப் பக்கத்தில், தரைவிரிப்புக்குக் கீழே ஒரு வெள்ளைக் கனெக்டர். வெள்ளை என்று சொல்ல முடியாது, ஒரு முனையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் டீ நிறமாகிக் குழைந்திருந்தது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் மீன் வாடை மாதிரி ஒன்று. இத்தனை நாள் வண்டிக்குள் அந்த வாடை வந்ததற்கு ஏசியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த முனையை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டேன். இப்போது தகட்டில் 13.3.

#16 பின்வரிசைப் பயணி

என் எர்த் வயரை ஐயா சொன்னபடி மாற்றிவிட்டேன். நண்பர் ஒருவரிடம் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி, அதில் ஓடும் கரண்டை அளப்பது) இருந்தது, மாட்டிப் பார்த்தோம், 11.5 ஆம்ப். பாசிட்டிவ் தகட்டில் 13.2, எர்த் தகட்டில் 0.1. இனி அந்த இரண்டு கோடுகள்தான். நாலாவது கோட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கே அறுந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

#17 கம்பிச்சுருள்

பத்துக் கோட்டுக்கு 11.5 என்றால் கோட்டுக்கு 1.15. பன்னிரண்டும் ஓடினால் 13.8 வர வேண்டும். இந்த எண்ணை எழுதி வையுங்கள், வேலை முடிந்ததும் ஒப்பிடலாம்.

அறுந்த இடத்தைக் கண்ணால் தேடினால் கண்தான் வலிக்கும். மயிரிழை அளவு வெடிப்பு போதும் கரண்ட் நிற்க. மீட்டரால் தேடுங்கள். சிவப்பு முனையின் கூரில் சமையலறை அலுமினியத் தாளை இரண்டு மூன்று சுற்று சுற்றி மொட்டையாக்கிக்கொள்ளுங்கள். வெறும் கூர் பட்டால் கோட்டை நீங்களே கீறிவிடுவீர்கள். கறுப்பு முனையை எர்த் பக்கப் பட்டையில் வையுங்கள். டிஃபாகரைப் போட்டு, முதலில் நல்ல கோடு ஒன்றில் பழகிப் பாருங்கள். பாசிட்டிவ் ஓரத்தில் 13, கால் தூரத்தில் 10 போல, நடுவில் ஆறரை, முக்கால் தூரத்தில் மூன்று, எர்த் ஓரத்தில் பூஜ்யம். படிப்படியாக இறங்கும்.

இப்போது நாலாவது கோட்டுக்கு வாருங்கள். பாசிட்டிவ் ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டே போனால் 13 அப்படியே நிற்கும், குறையாது. ஒரு இடத்தில் சட்டென்று பூஜ்யமாகும். 13-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடம்தான் வெடிப்பு. கண்ணாடிக்கு வெளிப்பக்கத்தில் அந்த இடத்துக்கு நேராகக் கிரேயானால் ஒரு புள்ளி வையுங்கள்.

உங்கள் கண்ணாடியில் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு எல்லாவற்றையும் இணைத்துக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் கணக்குக் கொஞ்சம் மாறும். அறுந்த கோட்டில் பாதிதான் தெளியாது, மறு பாதிக்கு அந்தச் செங்குத்துக் கோடு வழியாகக் கரண்ட் வந்துவிடும்.

#18 பின்வரிசைப் பயணி

செங்குத்துக் கோடு இல்லை ஐயா. நாலாவது கோட்டில் வலது ஓரத்திலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் சட்டென்று விழுந்தது. புள்ளி வைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அரை மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு வெட்டு தெரிந்தது. ஏழாவதில் அதற்கு நேர் கீழேயே. இப்போது ஞாபகம் வருகிறது, போன மாதம் மடக்கு நாற்காலி ஒன்றை டிக்கியில் திணித்து வந்தேன். அதன் கால் அந்த இடத்தில்தான் உரசிக்கொண்டிருந்தது.

இதை ஒட்ட என்ன பயன்படுத்துவது? ஒருவர் சூப்பர் குளூ போதும் என்றார்.

#19 ஈயப்பற்று

சூப்பர் குளூவில் கரண்ட் போகாது, அதனால் பயனில்லை. வெள்ளித் துகள் கலந்த, கரண்ட் கடத்தும் பெயிண்ட் டிஃபாகர் கோட்டுக்கென்றே சின்னப் புட்டியில் கிடைக்கும். அதை வாங்குங்கள். நான் நாலு கண்ணாடியில் செய்திருக்கிறேன்.

டிஃபாகரை அணையுங்கள். வெடிப்பைச் சுற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். கோட்டின் மேலேயும் கீழேயும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, கோட்டின் அகலம் மட்டும் திறந்திருக்கும்படி ஒரு சந்து விடுங்கள். புட்டியை நன்றாகக் குலுக்குங்கள், வெள்ளி அடியில் படிந்திருக்கும். மேலே நிற்பதை மட்டும் தொட்டுப் பூசினால் அது வெறும் வார்னிஷ்தான். வெடிப்பின் இரண்டு பக்கமும் அரை சென்டிமீட்டர் நல்ல கோட்டின் மேல் ஏறும்படி மெல்லியதாக ஒரு பூச்சு. காய்ந்ததும் இன்னொன்று. தேவைப்பட்டால் மூன்றாவது. ஒரே தடவையில் தடியாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். பெயிண்ட் முழுசாக இறுகுவதற்கு முன்னால் டேப்பை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டேப்போடு பெயிண்டும் உரிந்து வரும். பிறகு 24 மணி நேரம் டிஃபாகரைத் தொடாதீர்கள்.

வெடிப்பு சின்னதாக இருந்தால் இது வருடக்கணக்கில் நிற்கும். விரல் நீளத்துக்குக் கோடே உரிந்து போயிருந்தால் பெயிண்ட் அவ்வளவு நன்றாக வராது. கூலிங் ஃபிலிமைப் பிய்த்து எடுக்கும்போது அப்படித்தான் நீளமாக உரியும்.

#20 சாரல்

ஈயப்பற்று அண்ணா, தகடே கழன்று வந்துவிட்டால் அதையும் இந்தப் பெயிண்டால் ஒட்டலாமா? ரப்பர் குழாயில் உரசிய வயரைக் கண்டுபிடித்துவிட்டேன் (பல்ப் சோதனை அருமையாக வேலை செய்தது, பாதி திறந்த நிலையில் பளிச்சென்று எரிந்தது). மாற்றியும் விட்டேன். ஆனால் கழற்றி மாட்டும்போது பாசிட்டிவ் தகடு கண்ணாடியிலிருந்து பெயர்ந்து கையோடு வந்துவிட்டது.

#21 ஈயப்பற்று

பெயிண்ட் போதாது. கோட்டில் ஓடுவது ஒன்றரை ஆம்புக்கும் கீழே. தகட்டில் ஓடுவது மொத்தக் கரண்டும். அதோடு வயரின் இழுப்பையும் தகடுதான் தாங்க வேண்டும். வெள்ளி கலந்த, இரண்டு பசையைக் கலந்து போடும் எபாக்சி இருக்கிறது. பழைய பசையைச் சுரண்டி, பட்டையையும் தகட்டையும் ஆல்கஹாலால் துடைத்து, எபாக்சி வைத்து, டேப்பால் அழுத்திக் கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

சால்டர் வைக்கவும் முடியும், நான் அதைத்தான் விரும்புவேன். ஆனால் சாதாரண ஈயம் சூட்டில் பட்டையிலுள்ள வெள்ளியைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். பட்டையே காணாமல் போகும், கண்ணாடிதான் மிஞ்சும். இரண்டு சதவீதம் வெள்ளி கலந்த சால்டர் வேண்டும். கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது ஒரே இடத்தில் சால்டரிங் அயர்னை வைத்தால் வெடித்துவிடும். முதலில் தலைமுடி உலர்த்தியால் சுற்றிலும் வெதுவெதுப்பாக்குங்கள். பட்டையில் லேசாக ஈயம் ஏற்றி, தகட்டிலும் ஏற்றி, இரண்டையும் சேர்த்து ஒரு சில நொடிதான் சூடு காட்ட வேண்டும். பழக்கம் இல்லையென்றால் எபாக்சியே நல்லது. எப்படிச் செய்தாலும் வயரைப் பக்கத்தில் ஒரு கிளிப்பில் கட்டிவிடுங்கள், இழுப்பு தகட்டில் விழக்கூடாது.

#22 சாரல்

எபாக்சியே போடுகிறேன் அண்ணா. சால்டரில் கை நிற்காது.

#23 கம்பிச்சுருள்

எபாக்சி காயும் வரை பியூஸைக் கழற்றியே வைத்திருங்கள் அம்மா. பழக்கத்தில் கை தானாகப் போய்ச் சுவிட்சை அழுத்திவிடும்.

#24 பின்வரிசைப் பயணி

மூன்று பூச்சுப் பூசினேன். ஒரு நாள் முழுக்கக் காய விட்டேன். இன்று காலையில் வெந்நீர்ப் பாத்திரத்தை டிக்கிக்குள் வைத்து ஆவியடிக்க விட்டு, கண்ணாடி முழுக்க வியர்த்ததும் டிஃபாகரைப் போட்டேன். பன்னிரண்டு கோடும் தெளிந்தன. பூசிய இடத்தில் கோடு கொஞ்சம் தடியாகப் பழுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கிளாம்ப் மீட்டரில் 13.7 ஆம்ப்.

எஃப்எம் ரேடியோவில் இருந்த கரகரப்பும் குறைந்திருக்கிறது. என் கற்பனையா, இல்லை உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா?

#25 கம்பிச்சுருள்

சம்பந்தம் இருக்கலாம் தம்பி. பல வண்டிகளில் ரேடியோ ஆண்டெனாவே பின்கண்ணாடிக் கோடுகளில்தான் இருக்கிறது. சிலவற்றில் டிஃபாகர் கோடுகளே ஆண்டெனா. எர்த் வயர் அறுந்து தொங்கினால் ரேடியோவுக்கும் பாதிப்பு வரும். கூரையில் தனி ஆண்டெனா இருந்தால் அது வேறு விஷயம்.

13.8-க்குப் பதில் 13.7, இதைவிடத் துல்லியம் வேண்டியதில்லை. இனிமேல் கண்ணாடியை உள்ளே துடைக்கும்போது கோடு போகிற திசையில், இடமிருந்து வலமாக, மென்மையான துணியால் துடையுங்கள். பிளேடு வைத்து ஸ்டிக்கர் சுரண்டாதீர்கள். அந்த மடக்கு நாற்காலிக்கு ஒரு பழைய போர்வையைச் சுற்றிவிடுங்கள்.

#26 பின்வரிசைப் பயணி

சுற்றிவிட்டேன் ஐயா. இன்று மாலை நல்ல மழை. அதே இடத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தேன். டிஃபாகரைப் போட்டு, கண்ணாடி முழுசாகத் தெளியும் வரை நாலைந்து நிமிடம் காத்திருந்தேன். பின்னால் சுவர், அதன் மேல் ஒரு பூனை, வாசலில் சாத்தியிருந்த சைக்கிள், எல்லாம் தெரிந்தன.